விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் ஆவண பில்ட் ஸ்க்ரிப்ட்: கோப்புப் பாதைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாங்கள் மூன்று பேர். கத்ர் போர்னில் இருக்கும் என்னிடம் லினக்ஸ். ரோஸ் ஹில்லில் தமிழ் சொல்லித்தரும் அக்காவிடம் விண்டோஸ். போர்ட் லூயிஸில் படம் வரையும் என் சித்தப்பா மகனிடம் மேக். கோவில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு தமிழ்ப் பயிற்சி நூலை ஸ்ஃபிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியில் எழுதி, ஒரே மூலத்திலிருந்து வலைத்தளமும் பிடிஎஃபும் எடுக்கிறோம். மொரீஷியஸில் பல பெற்றோருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் விளக்கங்கள் பிரெஞ்சிலும் உண்டு.

என் மடிக்கணினியில் பில்ட் ஸ்க்ரிப்ட் (மூலத்தை வலைத்தளமாகவும் பிடிஎஃபாகவும் மாற்றும் சிறு நிரல்) ஆறு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அக்கா முதல் தடவை ஓட்டிய அன்று, தொடங்கின வேகத்திலேயே நின்றது. "தம்பி, எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. அதில் கற்றதையும் அதற்கு முன் வேலையில் பட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பைதானும் ஸ்ஃபிங்க்ஸும்தான். வேறு மொழியில் எழுதுபவர்களுக்கும் கருத்து அதேதான். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் தருகிறேன், எடிட்டரில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

இந்தச் சாய்வுக் கோடுகள் எங்கிருந்து வந்தன

யூனிக்ஸ் 1970களின் தொடக்கத்திலேயே ஃபோல்டர்களைப் பிரிக்க முன்சாய்வை (/) எடுத்துக்கொண்டது. எம்எஸ்-டாஸின் முதல் பதிப்பில் ஃபோல்டர் என்ற ஒன்றே கிடையாது. அங்கே முன்சாய்வு, கட்டளைக்கு விருப்பங்கள் சொல்லும் குறியாக ஏற்கெனவே வேலையில் இருந்தது. 1983 இல் 2.0 பதிப்பு ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது, பின்சாய்வுக்கு (\) அந்த வேலை போனது. பழைய மேக் முக்காற்புள்ளியை வைத்துப் பிரித்தது. அதன் மிச்சம் இன்றும் இருக்கிறது: ஃபைண்டரில் ஒரு கோப்பின் பெயருக்குள் முன்சாய்வு போட்டால், டெர்மினலில் அது முக்காற்புள்ளியாகத் தெரியும்.

"விண்டோஸ் முன்சாய்வையும் ஏற்கும், கவலை வேண்டாம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. விண்டோஸுக்கு நாம் முன்சாய்வோடு கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். ஆனால் அது நமக்குத் திருப்பிக் கொடுக்கும் பாதைகள் பின்சாய்வோடுதான் வரும். அதை அப்படியே எடுத்து வலைப்பக்கத்திலோ குறியீட்டுப் பட்டியலிலோ எழுதினால் வம்பு. சிக்கல் கொடுப்பதில் இல்லை, வாங்கினதை என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது.

படி 1: உங்கள் ஸ்க்ரிப்ட்டில் ஓடும் மூன்று வகைப் பாதைகளைப் பிரியுங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மற்றவற்றில் பாதி தானாக நடக்கும், ஆகவே இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

ஆவணத் திட்டத்தில் "பாதை" என்று நாம் சொல்வது ஒரு பொருள் அல்ல, மூன்று. முதலாவது வட்டுப் பாதை. கணினியில் கோப்பு உண்மையில் கிடக்கும் இடம்:

சி:\நூல்\மூலம்\பாடங்கள்\கோவில்.ஆர்எஸ்டி

இது ஆளுக்கு ஆள், கணினிக்குக் கணினி மாறும். இரண்டாவது ஆவணப் பெயர். ஸ்ஃபிங்க்ஸ் ஒவ்வொரு பக்கத்தையும் மூல ஃபோல்டரிலிருந்து கணக்கிட்டு, நீட்சி இல்லாமல், முன்சாய்வு மட்டும் வைத்து அழைக்கும்:

பாடங்கள்/கோவில்

எந்த இயங்குதளத்தில் ஓட்டினாலும் இது மாறாது, மாறவும் கூடாது. மூன்றாவது வலை முகவரி. பார்க்க இரண்டாவதைப் போலத்தான் இருக்கும். ஆனால் தமிழ், பிரெஞ்சு எழுத்துகள் அங்கே சதவீதக் குறியோடு எண்களாக மாறிவிடும். "கோவில்" என்ற சொல்லில் 6 யூனிகோட் குறிகள், யூடிஎஃப்-8 இல் (அந்தக் குறிகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) 18 பைட்டுகள், முகவரியில் 54 எழுத்துகள்.

இந்த மூன்றும் வெறும் எழுத்துச் சரங்களாக ஒரே மாறியில் கலந்து ஓடும்போதுதான் குழப்பம். எங்கள் ஊரில் வீட்டில் கிரியோல் பேசுவோம், செய்தித்தாளைப் பிரெஞ்சில் படிப்போம், அரசாங்கப் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்புவோம், கோவிலில் தமிழில் பாடுவோம். எங்கே எந்த மொழி என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்க்ரிப்ட்டுக்குத்தான் சொல்லித்தர வேண்டும்.

செய்முறை இதுதான். பழைய ஸ்க்ரிப்ட்டைத் திறந்து, பாதையைச் சுமக்கும் ஒவ்வொரு மாறியின் பெயருக்கும் பின்னால் அது வட்டா, ஆவணமா, முகவரியா என்று சேர்த்துப் பெயரை மாற்றுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். எந்த மாறிக்குப் பெயர் வைக்க முடியாமல் திணறுகிறீர்களோ, அங்கேதான் பிழை இருக்கிறது. என் ஸ்க்ரிப்ட்டில் அப்படி நான்கு இருந்தன. நான்குமே அக்காவின் கணினியில் உடைந்தவை.

படி 2: ஸ்க்ரிப்ட் எங்கே நிற்கிறது என்று அதற்கே தெரிய வேண்டும்

"மூலம்/பாடங்கள்" என்று சும்மா எழுதினால், அது கட்டளையைத் தட்டும்போது டெர்மினல் எந்த ஃபோல்டரில் இருந்ததோ அங்கிருந்து கணக்காகும். நான் எப்போதும் திட்ட ஃபோல்டருக்குள் போய் ஓட்டுவேன். அக்கா எடிட்டரின் பொத்தானை அழுத்தி ஓட்டுவார். அந்த எடிட்டர் வேறு ஃபோல்டரில் நின்று ஓட்டியது.

ஆகவே ஸ்க்ரிப்ட் தன் சொந்த இடத்திலிருந்து தொடங்கட்டும். பைதானில், இரு பக்கமும் இரட்டை அடிக்கோடு போட்ட ஃபைல் என்ற மாறி ஸ்க்ரிப்ட்டின் இடத்தைச் சொல்லும். அதைப் பாத் வகையாக்கி, ரிசால்வ் செய்து (சுட்டிகளைத் தாண்டி உண்மையான முழுப் பாதையைக் கண்டு), அதன் மேல் ஃபோல்டரான பேரன்ட் எடுத்தால் திட்டத்தின் வேர் கிடைக்கும். எல்லா வட்டுப் பாதையும் அந்த வேரிலிருந்தே பிறக்கட்டும்.

ஸ்ஃபிங்க்ஸின் அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃப் கோப்பில் ஒரு நுணுக்கம். அதை வாசிக்கும் நேரத்தில் மட்டும் ஸ்ஃபிங்க்ஸ் தன் நடப்பு ஃபோல்டரை அந்தக் கோப்பு இருக்கும் இடத்துக்கு மாற்றிக்கொள்ளும். அதனால் அங்கே நேரடியாக ஓடும் வரிகளில் சார்புப் பாதை வேலை செய்யும். அதே கோப்பில் நீங்கள் எழுதிவைத்து, ஸ்ஃபிங்க்ஸ் பிறகு கூப்பிடும் செயல்களில் வேலை செய்யாது. இரண்டிலும் வேரிலிருந்து எடுப்பதே நல்லது.

ரிசால்வ் பற்றி இன்னொன்று. மேக்கில் தற்காலிக ஃபோல்டரான டிஎம்பி உண்மையில் பிரைவேட் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் இன்னொன்றுக்கான சுட்டி. ஒரு பாதையை ரிசால்வ் செய்து இன்னொன்றைச் செய்யாமல் விட்டால், ஒன்று மற்றதன் உள்ளே இல்லை என்று பைதான் சண்டை போடும். இரண்டையும் செய்யுங்கள், அல்லது இரண்டையும் விட்டுவிடுங்கள். விண்டோஸில் இதற்கு அண்ணன் முறையாகும் ஒரு பிழை உண்டு: திட்டம் டி டிரைவிலும் தற்காலிக ஃபோல்டர் சி டிரைவிலும் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சார்புப் பாதை என்று ஒன்றே கிடையாது. ரெல்பாத் செயல் பிழை தந்து நிற்கும். லினக்ஸில் எழுதுபவருக்கு இது கனவிலும் வராது.

படி 3: சரங்களை ஒட்டுவதை நிறுத்துங்கள்

பைதான் 3.4 இல், 2014 இல், பாத்லிப் நூலகம் வந்தது. 2016 இல் வந்த 3.6 முதல் கோப்புத் திறக்கும் வழக்கமான செயல்கள் எல்லாம் பாத் பொருளை நேரடியாக ஏற்கின்றன. எனவே கூட்டல் குறியால் ஃபோல்டர் பெயரையும் கோப்புப் பெயரையும் ஒட்டுவதற்கு இன்று எந்தக் காரணமும் இல்லை. பாத் பொருளுக்கும் பெயருக்கும் நடுவே வகுத்தல் குறி போட்டால் போதும், அந்தந்த இயங்குதளத்துக்கு ஏற்றபடி சேர்ந்துகொள்ளும்.

ஒரு பொறி இருக்கிறது. இரண்டாவது துண்டு முன்சாய்வோடு தொடங்கினால், முதல் துண்டைப் பாத்லிப் தூக்கி எறிந்துவிடும். லினக்ஸில் "/படங்கள்/மயில்.பிஎன்ஜி" என்பதை வேரோடு சேர்த்தால் வேர் காணாமல் போய், கணினியின் உச்சி ஃபோல்டரில் தேடும். இதை எழுதுபவரின் தவறு என்று சொல்ல முடியாது. ஸ்ஃபிங்க்ஸ் ஆவணத்தில் முன்சாய்வோடு தொடங்கும் படப் பாதைக்கு "மூல ஃபோல்டரின் உச்சியிலிருந்து" என்று பொருள், அக்கா சரியாகத்தான் எழுதியிருந்தார். அது ஆவணப் பாதை. என் ஸ்க்ரிப்ட் அதை வட்டுப் பாதையாக வாசித்ததுதான் தவறு. ஆவணத்திலிருந்து எடுக்கும் பாதையில் முன்னால் உள்ள சாய்வை நீக்கிவிட்டுச் சேருங்கள்.

நீட்சியை மாற்றும் வித்_சஃபிக்ஸ் செயலிலும் கவனம். "பாடம்-1.2" என்ற ஆவணப் பெயருக்கு எச்டிஎம்எல் நீட்சி கொடுத்தால், அது ".2" ஐ நீட்சி என்று எண்ணித் துடைத்துவிடும். ஆவணப் பெயருக்கு நீட்சி கிடையாது என்பதால் அங்கே நேராகச் சேர்ப்பதே சரி.

ஸ்க்ரிப்ட்டுக்குள் கையால் பாதை எழுத வேண்டி வந்தால் எப்போதும் முன்சாய்வு. பின்சாய்வுக்குப் பின்னால் ஆங்கில என் வந்தால் அது புதிய வரி, டி வந்தால் தாவல் இடைவெளி. விண்டோஸில் பயனர் ஃபோல்டரின் பெயர் பெரிய யு-வில் தொடங்குகிறது. பின்சாய்வும் பெரிய யு-வும் சேர்ந்தால் யூனிகோட் எண் வரப்போகிறது என்று பைதான் எதிர்பார்த்து, ஸ்க்ரிப்ட்டை ஓட்டவே மறுக்கும். பிழைச் செய்தியில் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. புதியவர்கள் மணிக்கணக்கில் விழிப்பது இங்கேதான்.

படி 4: எல்லையில் மட்டும் மாற்றுங்கள்

உள்ளே முழுவதும் பாத் பொருள். வெளியே எழுதும் அந்தக் கணத்தில் மட்டும் சரமாக மாற்றம். எல்லைகள் எவை?

வட்டிலிருந்து ஆவணப் பெயர் எடுக்கும் இடம் முதலாவது. ரிலேட்டிவ்_டூ செயலால் மூல ஃபோல்டரைக் கழித்து, நீட்சியை எடுத்து, ஆஸ்_போசிக்ஸ் செயலால் முன்சாய்வுச் சரமாக்குங்கள். வெறும் எஸ்டிஆர் வைத்து மாற்றினால் விண்டோஸில் பின்சாய்வு வந்துவிடும். லினக்ஸில் இரண்டும் ஒரே விடை தருவதால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. மறுபக்கம் போகும்போது, ஆவணப் பெயரைப் பியூர்போசிக்ஸ்பாத் ஆக்கி, அதன் துண்டுகளை வேரோடு சேருங்கள்.

முகவரிக்குப் போகும் இடம் இரண்டாவது. ஆஸ்_போசிக்ஸ் செய்த பிறகு, எழுத்துகளைச் சதவீதக் குறியாக்கும் குவோட் செயல். அந்த வரிசை மாறினால் பின்சாய்வும் சதவீதக் குறியாகிவிடும். உங்கள் தளத்தின் இணைப்புகளில் எங்காவது சதவீதக் குறி, ஐந்து, சி என்று மூன்றும் சேர்ந்து தெரிந்தால், ஒரு விண்டோஸ் பாதை வழி தவறி அங்கே வந்திருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம்.

பிடிஎஃப் எடுப்பவர்களுக்கு லாடெக் என்ற அச்சுக்கோப்பு நிரல் இன்னொரு எல்லை. லாடெக்கில் பின்சாய்வு என்றால் கட்டளையின் தொடக்கம். படத்தின் பாதையில் பின்சாய்வு இருந்தால் ஃபோல்டர் பெயரையே தெரியாத கட்டளை என்று எண்ணிக் கூச்சலிடும். விண்டோஸில் ஓடும் லாடெக்கும் முன்சாய்வைத்தான் விரும்பும். படங்களின் கோப்புப் பெயரில் இடைவெளியும் வேண்டாம்.

எழுத்து வடிவத்தை வைத்துத் தேடி மாற்றும் ரெகெக்ஸ் செயல்கள் பலரும் மறக்கும் எல்லை. மாற்றுச் சரத்தில் விண்டோஸ் பாதையைக் கொடுத்தால் அதிலுள்ள பின்சாய்வுகளை ரெகெக்ஸ் தன் குறிகளாகப் படிக்கும். தேடும் பக்கத்தில் எஸ்கேப் செயலைப் பயன்படுத்துங்கள். மாற்றும் பக்கத்தில் சரத்துக்குப் பதில் ஒரு சிறு செயலைக் கொடுங்கள்.

படி 5: நம்முடைய புள்ளியே ஸ்க்ரிப்ட்டை நிறுத்தும்

கோப்பைக் கண்டுபிடித்தாயிற்று, இனி வாசிக்க வேண்டும். அக்காவின் முதல் பிழை உண்மையில் இங்கேதான். பாதையை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு சனிக்கிழமையை வீணாக்கிய பிறகே கண்டுபிடித்தேன்.

என்கோடிங் சொல்லாமல் கோப்பைத் திறந்தால், விண்டோஸில் பைதான் (3.14 வரை) அந்தக் கணினியின் பழைய குறிப்பக்கத்தை, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையை, எடுத்துக்கொள்ளும். ஆங்கிலமோ பிரெஞ்சோ வைத்திருக்கும் கணினிகளில் அது 1252. எங்கள் தீவில் கிட்டத்தட்ட எல்லாரும் அந்த இரண்டில் ஒன்றுதான். இப்போது பாருங்கள்: மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி யூடிஎஃப்-8 இல் மூன்று பைட்டுகள், 224, 175, 141. இதில் 141 என்ற எண்ணுக்கு 1252 இல் எழுத்தே ஒதுக்கப்படவில்லை. ஆக, முதல் மெய்யெழுத்தைத் தொட்டதும் பைதான் பிழை தந்து நிற்கும். ஏ, ஐ என்ற இரண்டு உயிரெழுத்துகளுக்கும் இதே கதிதான்.

பிரெஞ்சுக் கோப்போ நிற்காது. ஆங்கில ஈ-யின் மேல் கோடு போட்ட எழுத்து (é) இரண்டு அந்நிய எழுத்துகளாகச் சிதைந்து, பிழை எதுவும் சொல்லாமல் வலைத்தளம் வரைக்கும் போய்விடும். தமிழ்க் கோப்பு உடைந்தால் உரக்கச் சொல்லிவிட்டு உடைகிறது. அந்த வகையில் புள்ளிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தீர்வு சுலபம். திறக்கும், வாசிக்கும், எழுதும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள். பைதான் 3.7 முதல் யூடிஎஃப்-8 முறை என்ற ஒன்று உண்டு, பைதான்யூடிஎஃப்8 என்ற சூழல் மாறிக்கு 1 கொடுத்தால் எல்லாத் திறப்புக்கும் அதுவே இயல்பாகும். ஆனால் அடுத்தவர் கணினியில் அந்த மாறி இருக்கும் என்று நம்பி ஸ்க்ரிப்ட் எழுதாதீர்கள்.

படி 6: கோவில் என்று இரண்டு கோப்புகள்

ஒரு நாள் என் லினக்ஸில் பாடங்கள் ஃபோல்டரைப் பார்த்தால் "கோவில்" என்ற பெயரில் இரண்டு கோப்புகள். ஒரே ஃபோல்டர், ஒரே நீட்சி. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

"கோ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றை வைக்கலாம், அதன் எண் 3019. அல்லது ஏகாரக் குறி 3015, துணைக்கால் 3006 என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். முதல் வடிவத்துக்கு என்எஃப்சி என்றும் பிரிந்த வடிவத்துக்கு என்எஃப்டி என்றும் பெயர். "கோவில்" முதலாவதில் 6 குறிகள், இரண்டாவதில் 7. கொ, கௌ வரிசைகளுக்கும் இப்படியே. பக்கத்துத் தீவான ரியூனியனைப் பிரெஞ்சில் எழுதினாலும் இதே கதைதான்: கோடு போட்ட ஈ ஒரே குறியாக 233, அல்லது வெறும் ஈ 101, அதன் மேல் ஒட்டும் கோடு 769.

மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாப் பெயரையும் பிரித்தே வைத்தது. 2017 இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைக்கும், ஆனால் இரண்டு வடிவத்தையும் ஒரே கோப்பாகப் பார்க்கும். லினக்ஸும் விண்டோஸும் இரண்டையும் வேறு வேறு கோப்பாக எண்ணும். மேக்கில் இருந்து சுருக்கப்பட்ட ஸிப் கோப்பு ஒன்றின் வழியாகத்தான் எங்களுக்கு இரண்டாவது கோவில் வந்து சேர்ந்தது.

செய்ய வேண்டியவை: கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து பகிரும் கருவியான கிட்டில் பிரீகம்போஸ்யூனிகோட் அமைப்பு மேக்கில் இயங்குகிறதா என்று பாருங்கள். பில்ட் தொடங்கும்போது மூல ஃபோல்டரின் எல்லாப் பெயரையும் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் செயலால் என்எஃப்சி ஆக்கி, மூலப் பெயரோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் பெயரைச் சொல்லி நிறுத்துங்கள். ஸ்க்ரிப்ட்டே கமுக்கமாகப் பெயர் மாற்றுவதை நான் விரும்புவதில்லை, அது ஆவணங்களில் உள்ள இணைப்புகளை உடைக்கும்.

நார்மலைஸாலும் பிடிக்க முடியாத ஒன்று உண்டு. "மௌனம்" என்பதைப் பலர் மெ, ள என்று தட்டி "மெளனம்" ஆக்குவார்கள். பார்க்க ஒன்று போலவே இருக்கும். யூனிகோடுக்கு அது ள என்ற முழு எழுத்து, ஔகாரக் குறியின் பாதி அல்ல. இதை எந்த இயங்குதளமும் சரிசெய்யாது, எழுத்துப் பிழை திருத்துவதுபோல நாமேதான் செய்ய வேண்டும். எகரக் குறிக்குப் பின் ள வரும் பெயர்களை ஸ்க்ரிப்ட் எச்சரிக்கையாகக் காட்டலாம், நிறுத்தத் தேவையில்லை. "வெள்ளம்", "வெள்ளை" போன்றவற்றில் ள-வுக்குப் பின் புள்ளி இருக்கும், அதை விட்டுவிடச் சொல்லுங்கள். வேர்டிலிருந்து நகலெடுத்த பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடைக் குறிகளும் ஒளிந்திருக்கும். அவற்றையும் கூடவே தேடலாம்.

படி 7: பெயர்களில் தவிர்க்க வேண்டியவை

விண்டோஸும் மேக்கும் இயல்பாக ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. லினக்ஸ் பார்க்கும், உங்கள் தளத்தைத் தாங்கும் சர்வரும் பெரும்பாலும் லினக்ஸ்தான். "என் கணினியில் படம் தெரிகிறது, தளத்தில் தெரியவில்லை" என்றால் முதலில் இதைப் பாருங்கள். எல்லாப் பெயரும் சிறிய எழுத்தில் என்று சட்டம் போட்டுவிட்டால் முடிந்தது. பெயர் மாற்றும்போது கிட்டின் எம்வி கட்டளையை இரண்டு தவணையாக, நடுவில் ஒரு தற்காலிகப் பெயர் வைத்துச் செய்யுங்கள். தமிழ்ப் பெயருக்கு இந்தத் தொல்லை இல்லை, நமக்குப் பெரிய எழுத்து ஏது!

விண்டோஸ் தனக்கென்று சில பெயர்களை ஒதுக்கி வைத்திருக்கிறது: கான், பிஆர்என், ஏயுஎக்ஸ், என்யுஎல், காம் 1 முதல் 9, எல்பிடி 1 முதல் 9. பல பதிப்புகளில் பின்னால் நீட்சி சேர்த்தாலும் தப்பாது. பிரெஞ்சில் எழுதுபவர்கள் ஏயுஎக்ஸைக் கவனிக்க வேண்டும், அது அந்த மொழியில் அன்றாடம் வரும் சொல். "பெற்றோருக்கு" என்ற பகுதிக்குச் சுருக்கமாக அந்தப் பெயர் வைத்த ஃபோல்டர் அக்காவின் கணினிக்கு இறங்கவே மறுத்தது. கான் பிரெஞ்சில் வசைச்சொல், அந்த மொழி தெரிந்த யாரும் எப்படியும் அப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள்.

முக்காற்புள்ளி, கேள்விக்குறி, உடுக்குறி, மேற்கோள்குறி, செங்கோடு வேண்டாம். நேரத்தைப் பெயரில் போடும்போது முக்காற்புள்ளி நுழைந்துவிடும். பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ இருந்தால் விண்டோஸ் அதை விழுங்கிவிடும்.

நீளம்: விண்டோஸில் பழைய எல்லை முழுப் பாதைக்கும் 260 எழுத்து. விண்டோஸ் 10 இன் 1607 பதிப்பிலிருந்து இதைத் தளர்த்தும் அமைப்பு உண்டு, ஆனால் இயல்பாக அது அணைந்தே இருக்கும். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்டு. தமிழில் ஒரு குறிக்கு 3 பைட்டு என்பதால் 85 குறிகள்தான். பாடத் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக்கும் ஸ்க்ரிப்ட்கள் இங்கே முட்டிக்கொள்ளும்.

படி 8: வரிசையை இயங்குதளத்திடம் விடாதீர்கள்

வரிசை எவ்வளவு முக்கியம் என்று மொரீஷியஸ் தமிழர்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம். 1998 இல் வந்த ரூபாய் நோட்டுகளில் தமிழ் இந்திக்குக் கீழே இறங்கியதும் எதிர்ப்பு எழுந்து, அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, 1999 இல் தமிழ் மறுபடி மேலே வர அச்சாயின.

ஒரு ஃபோல்டரின் கோப்புகளைப் பட்டியலிடச் சொன்னால், அவை எந்த வரிசையில் வரும் என்பதற்கு பைதான் உறுதி தருவதில்லை. அகர வரிசையில் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். நீங்களே வரிசைப்படுத்துங்கள். பாத் பொருளை நேரடியாக வரிசைப்படுத்தினாலும் விண்டோஸில் பெரிய, சிறிய எழுத்தைச் சமமாகவும் லினக்ஸில் வேறாகவும் எண்ணும், ஆகவே ஆஸ்_போசிக்ஸ் சரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள்.

அப்படியும் தமிழுக்குச் சரியான வரிசை வராது. யூனிகோட் எண் வரிசையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற. நம் நெடுங்கணக்கிலோ ற, ன இரண்டும் கடைசி. சொல்லகராதிப் பக்கம் இருந்தால் தனி ஒப்பீட்டு அட்டவணை எழுத வேண்டும். பாடங்களுக்கு நாங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு, பொருளடக்கத்தில் ஒவ்வொன்றாகக் கையால் எழுதிவிட்டோம். நாற்பது பாடம்தானே.

படி 9: ஷெல்லை மெலிதாக வையுங்கள்

ஸ்ஃபிங்க்ஸ் தொடங்கும்போதே மேக்ஃபைல் ஒன்றும் விண்டோஸுக்கு மேக்.பேட் ஒன்றும் தரும். இரண்டிலும் வேலையை வளர்க்காதீர்கள். ஒன்றில் சேர்த்ததை மற்றதில் சேர்க்க மறப்பது நிச்சயம். இரண்டும் ஒரே பைதான் ஸ்க்ரிப்ட்டைக் கூப்பிட்டால் போதும். கோப்பை நகலெடுக்க, அழிக்க, ஃபோல்டர் உருவாக்க ஷெல் கட்டளை வேண்டாம், பைதானின் ஷட்டில், பாத்லிப் நூலகங்கள் மூன்று தளத்திலும் ஒரே மாதிரி செய்யும். வெளிக் கட்டளையைக் கூப்பிட நேர்ந்தால் ஒரே நீளச் சரமாக அல்ல, பட்டியலாகக் கொடுங்கள். இடைவெளி உள்ள ஃபோல்டர் பெயர் அப்போதுதான் பிழைக்கும்.

பல பாதைகளை ஒரே சூழல் மாறியில் அடுக்கும்போது லினக்ஸிலும் மேக்கிலும் நடுவே முக்காற்புள்ளி, விண்டோஸில் அரைப்புள்ளி. பைதானின் ஓஎஸ்.பாத்செப் அதை அறியும்.

விண்டோஸில் கிட்டோடு வரும் லினக்ஸ் பாணி டெர்மினலான கிட் பாஷ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசித்திரம். முன்சாய்வோடு தொடங்கும் எந்த வாதத்தையும் அது பாதை என்று எண்ணி விண்டோஸ் பாதையாக மாற்றிவிடும். டாக்கர் என்ற கொள்கலன் கருவியில் பில்ட் செய்பவர்கள் முதலில் அடிபடுவது இதில்தான். எம்எஸ்ஒய்எஸ்_நோ_பாத்கான்வ் என்ற மாறிக்கு 1 கொடுத்தால் அடங்கும்.

கிட் களஞ்சியத்தில் ஆட்ரிபியூட்ஸ் கோப்பு ஒன்றை வைத்து, ஷெல் ஸ்க்ரிப்ட்களின் வரி முடிவு எப்போதும் எல்எஃப் (லினக்ஸ் வகை) என்று எழுதிவிடுங்கள். குவோட்பாத் அமைப்பை அணைத்தால் தமிழ்க் கோப்புப் பெயர்கள் எண்களாகத் தெரியாமல் தமிழாகவே தெரியும்.

படி 10: விண்டோஸ் இல்லாமலே விண்டோஸைச் சோதியுங்கள்

பியூர்விண்டோஸ்பாத் என்ற வகை லினக்ஸிலும் ஓடும். வட்டைத் தொடாது, பாதையின் கணக்கை மட்டும் செய்யும். ஆவணப் பெயர் எடுக்கும் உங்கள் செயலுக்கு ஒரு விண்டோஸ் பாதையையும் ஒரு போசிக்ஸ் (லினக்ஸ், மேக் வகை) பாதையையும் கொடுத்து, இரண்டுக்கும் "பாடங்கள்/கோவில்" என்றே விடை வருகிறதா என்று பாருங்கள். என்னுடைய நான்கு பிழைகளில் மூன்றை இந்தச் சோதனை மட்டுமே பிடித்திருக்கும்.

அப்புறம் நிஜ ஓட்டம். நம் ஸ்க்ரிப்ட்டைத் தானாக ஓட்டிப் பார்க்கும் இணையச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் உபுண்டு (ஒரு லினக்ஸ்), விண்டோஸ், மேக் மூன்றுக்கும் இயந்திரம் கிடைக்கும். மூன்றிலும் ஒவ்வொரு முறையும் ஓட்டுங்கள். சோதனைக்கென்று வம்பான ஒரு ஃபோல்டர் வையுங்கள்: பெயரில் இடைவெளி, ஒரு "கோ", ஒரு "மௌ", கோடு போட்ட ஒரு பிரெஞ்சு எழுத்து. ஸ்க்ரிப்ட்டைத் திட்டத்துக்கு வெளியே வேறு ஃபோல்டரில் நின்று கூப்பிடுங்கள். கடைசியில் மூன்று தளத்திலும் உருவான கோப்புகளின் பட்டியலை ஆஸ்_போசிக்ஸ் வடிவில் எழுதி ஒப்பிடுங்கள். ஒரு வரி வேறுபட்டாலும் தோல்வி.

இவ்வளவும் செய்து, மூன்றிலும் பச்சை விழுந்த பிறகு அக்காவைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னேன். வலைத்தளம் வந்தது. பிடிஎஃப் எழுதும் இடத்தில் அனுமதி மறுப்பு என்று நின்றது. பாதையை மறுபடி ஒரு மணி நேரம் துருவினேன். பிறகுதான் அவர் மெல்லச் சொன்னார், "தம்பி, பழைய பிடிஎஃபைத் திறந்துவைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேனே, அதனாலா?" அதனால்தான். விண்டோஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பின் மேல் பெரும்பாலும் எழுத முடியாது. இப்போது ஸ்க்ரிப்ட் புதிய பிடிஎஃபைத் தற்காலிகப் பெயரில் எழுதி, பழையதை மாற்றப் பார்க்கும். முடியாவிட்டால் "பிடிஎஃபை மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள் அக்கா" என்று திரையில் சொல்லும்.